பழைய இதழ் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

[திரையில்: பைண்டு செய்த பழைய தொகுப்பு ஒன்று புரட்டப்படுகிறது]

வணக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த தமிழ் வார, மாத இதழ்களைச் சேகரிக்கத் தொடங்குவோர் பெரும்பாலும் தேடிப்போவது, ஓராண்டு இதழ்களை ஒன்றாகக் கட்டிய பைண்டு தொகுப்புகளைத்தான். ஆனால் பைண்டு செய்யும்போது மேலட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கழித்துவிடும் வழக்கம் பரவலாக இருந்ததால், கட்டுரைகள் முழுமையாக இருந்தும் இதழின் விலையோ சந்தா விவரமோ அச்சகத்தின் பெயரோ இல்லாத தொகுப்புகளே அதிகம் கிடைக்கின்றன. அட்டையோடு கூடிய ஓர் உதிரி இதழ், என் கணிப்பில், அட்டையில்லாத ஒரு தொகுப்பைவிட மதிப்புள்ளது.

[திரையில்: தமிழ் ஆண்டும் மாதமும் அச்சிட்ட ஒரு முகப்பு]

அக்கால இதழ்கள் பலவற்றில் தமிழ் ஆண்டின் பெயரே இருக்கும். ‘பராபவ வருஷம் தை மாதம்’ என்று கண்டவுடன் 1906 என்று குறித்துக்கொள்ளக் கூடாது. பராபவ ஆண்டு 1906 ஏப்ரலில் பிறந்தது. அதன் தை மாதம் 1907 ஜனவரி நடுவில்தான் வருகிறது. அறுபது ஆண்டுச் சுழற்சியில் இதே பெயர் 1966-67இலும் திரும்பி வந்திருப்பதால், தாளையும் எழுத்துருவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வெளியீட்டிடமும் ஒரு சான்று. பாரதியார் நடத்திய ‘இந்தியா’ வார இதழ் 1906 மே மாதம் சென்னையில் தொடங்கியது. 1908இல், சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் கைதாகித் தண்டிக்கப்பட்டபின், பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரிக்கு அது இடம்பெயர்ந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையவிடாமல் தடுக்கப்பட்டதால் 1910இல் நின்றுபோனது. ஆகவே 1909ஆம் ஆண்டுப் பிரதி என்று ஒருவர் காட்டும் இதழில் சென்னை முகவரி இருந்தால், பணத்தை எடுக்குமுன் நன்றாக யோசிக்க வேண்டும்.

[திரையில்: ‘டைம்’ முதல் இதழின் அட்டை]

விளம்பரங்கள் இருப்பதாலேயே ஒரு பிரதி மூலப்பிரதி ஆகிவிடாது. 1923 மார்ச் 3ஆம் தேதியிட்ட அமெரிக்க ‘டைம்’ முதல் இதழை, பதினைந்தாம் ஆண்டு நிறைவையொட்டி 1938இல் அந்நிறுவனமே விளம்பரங்கள் உட்பட அப்படியே மறுபதிப்பாக்கி, தன் வார இதழோடு வழங்கியது. அந்த மறுபதிப்பும் இன்று பழுப்பேறிய பழைய தாளாகத்தான் இருக்கும் என்பதே இதிலுள்ள சிக்கல்.

பராமரிப்பைப் பொறுத்தவரை, மரக்கூழால் செய்த மலிவுத் தாள் அமிலமேறி நொறுங்கும் இயல்புடையது. வெயிலும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். துருப்பிடித்த பின்னை மெதுவாகக் கழற்றிவிடலாம். கிழிசலில் செல்லோ டேப் மட்டும் ஒட்டவே கூடாது. அதன் பசை தாளில் ஊறிக் கறையாகிவிடும், பிறகு எடுக்க முடியாது.

பெருந்தொகை கொடுத்து வாங்குமுன் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. கோட்டையூர் முத்தையா தனியொருவராகச் சேர்த்தவற்றை, 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதிலிருந்து உருவான நூலகம் அது. உங்களிடம் வந்த இதழின் பிரதி அங்கே இருந்தால், பக்க எண்களை வரிசையாக ஒப்பிட்டு, எந்தத் தாள் விடுபட்டிருக்கிறது என்று அறிந்த பிறகே விலை பேசலாம்.