வேலிக்கு இரண்டு பக்கம்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தீயணைப்புத் துறை அதிகாரி அவர்களே, கட்டணம் வாங்காமல் இந்த அரங்கைத் தந்த தலைமை ஆசிரியை அவர்களே, அன்பு மிகுதியால் என்னைப் பற்றி நிறையவே சொல்லிவிட்ட குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவர்களே, காட்டோரப் புறநகரில் வீடு கட்டி வாழும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டலாமா? இந்தக் கேள்வியோடு காட்டுத்தீயிலிருந்து வீட்டைக் காப்பது பற்றி மூன்று செய்திகளைச் சொல்ல வந்தேன்: சட்டம் கேட்பது என்ன, வீட்டில் மாற்ற வேண்டியவை எவை, வெளியேறும் நாளில் செய்ய வேண்டியது என்ன.

கலிபோர்னியாவில் காட்டுத்தீ அபாயப் பகுதிகளில் வீட்டைச் சுற்றி 100 அடி வரை காய்ந்த புல்லையும் சருகையும் அகற்ற வேண்டும் என்பது சட்டம். ஆனால் பொதுவாக அந்தக் கடமை மனையின் எல்லையோடு முடிந்துவிடுகிறது. புறநகரில் யாரிடம் 100 அடி இருக்கிறது? பத்தடி தள்ளி அடுத்த வீட்டுச் சுவர் நிற்கிறது!

எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பொதுவாக ஒரு மரவேலி இருந்தது. அவரே இழைத்து, அவரே ஆணி அடித்தது. இரண்டு வீட்டுச் சுவரையும் தொட்டு நிற்கும். "ஐயா, தீ வந்தால் இது திரிபோல எரியும்" என்றேன். "முதலில் வேலியில் நீங்கள் சாய்த்து வைத்திருக்கும் விறகை எடுங்கள்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனாலும் கோபம் வந்துவிட்டது. இரண்டு ஆண்டுகள் முகம் பார்த்துப் பேசவில்லை. ஒரு கோடையில், எங்கோ மலைச்சரிவில் தீ. கண்ணுக்குச் சுடர் தெரியவில்லை, காற்றில் சாம்பல் மட்டும் பறந்தது. ஒரே ஒரு கங்கு வேலியடியில் மண்ணை மூடிப் பரப்பியிருந்த மரச்சீவலில் விழுந்து புகைந்தது. என் தண்ணீர்க் குழாய் அதுவரை எட்டவில்லை. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்த அவர் மனைவி வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். ஒரு சாண் பலகை கருகியதோடு போயிற்று. அன்று மாலையே அவர் ரம்பத்தோடு வந்தார். நான் விறகை அகற்றினேன். இருபுறமும் சுவரை ஒட்டிய ஐந்தடிப் பலகையை அறுத்தெடுத்து இரும்புக் கதவு வைத்தோம். வேலை முடிந்ததும் அவர் வீட்டில்தான் காபி.

கங்குதான் எதிரி, நண்பர்களே. கொலராடோவில் 2021 டிசம்பர் 30 அன்று புல்வெளியில் ஓடிய தீ, பலத்த காற்றில் புறநகருக்குள் புகுந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது. ஒரு வீடு பற்றினால் அதன் வெப்பமே அடுத்த வீட்டுக்குப் போதும். மழைநீர் வடியும் கூரைத் தூம்பில் சேரும் சருகை அள்ளுங்கள், காற்றுத் துளைகளுக்கு 3 மில்லிமீட்டருக்கு மிகாத கண்ணுள்ள உலோக வலை போடுங்கள். இவற்றை அதிகாரி அவர்கள் என்னைவிடத் தெளிவாக விளக்குவார்.

நான் கேட்பது ஒன்றே. சுவரிலிருந்து ஐந்தடிக்குள் மரவேலி கூடாது என்று நம் ஊராட்சி விதி செய்ய வேண்டும். சுவரை ஒட்டிய ஐந்தடியை எரியக்கூடிய பொருள் இல்லாத இடமாக்கக் கலிபோர்னியா 2020இலேயே சட்டம் இயற்றியது. நாம் எதற்குக் காத்திருக்கிறோம்? வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டலாமா?

தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார். வெளியேறுவது பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன். வாசலில் மனு இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் இரண்டு கட்டங்கள் வைத்திருக்கிறோம், வேலிக்கு இந்தப் பக்கத்தவருக்கு ஒன்று, அந்தப் பக்கத்தவருக்கு ஒன்று. பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்து வந்து கையெழுத்திடுங்கள்.