எடைக்கருவியும் சமையலறைக் காலண்டரும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மும்பையில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ தாராவியிலோ ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக்குள் நுழைந்தால், குளிர்சாதனப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு மாதக் காலண்டர் தொங்குவதைப் பார்க்கலாம். பால் வராத நாளுக்குப் பெருக்கல் குறி, கேஸ் சிலிண்டர் மாற்றிய நாளுக்கு ஒரு வட்டம், சீட்டுப் பணம் கட்ட வேண்டிய தேதிக்கு அடிக்கோடு என்று வீட்டுக் கணக்கு முழுவதும் அதில் இருக்கும். பி.சி.ஓ.எஸ். என்னும் சினைப்பைக் கோளாறோடு வாழும் பெண்கள் உடல் எடையைக் குறைப்பது பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் எடைக்கருவியை விட்டுவிட்டு அந்தக் காலண்டரிலிருந்து தொடங்குகிறேன். மாதவிடாய் வந்த தேதியைச் சிவப்புப் பேனாவால் குறித்து வைக்கும் பழக்கம் இருந்தால், உங்கள் முயற்சி பலிக்கிறதா இல்லையா என்பதை எடைக்கருவியைக் காட்டிலும் அந்தக் காலண்டர் நேர்மையாகச் சொல்லிவிடும்.

நான் சயான் பகுதியில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். இந்தக் கோளாறு எனக்கும் உண்டு. பத்தொன்பது வயதில் நான் போய்ப் பார்த்த மருத்துவர் மருந்துச் சீட்டின் அடியில் ‘எடையைக் குறைக்கவும்’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டார். எப்படிக் குறைப்பது, எவ்வளவு குறைப்பது என்று அவரும் சொல்லவில்லை. கேட்கும் துணிவு எனக்கும் இல்லை. மூன்று வாரம் கஞ்சியும் வெள்ளரிக்காயும் தின்று ஆறு கிலோ குறைந்தேன். தீபாவளி வந்து போவதற்குள் எட்டு கிலோ ஏறியது. என்னிடம் வரும் பெண்களில் பெரும்பாலோர் இதே கதையை ஊரும் கிலோக் கணக்கும் மட்டும் மாற்றிச் சொல்கிறார்கள்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் இதை ‘நீர்க்கட்டி’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். கட்டி என்றதும் தாய்மார்கள் பதறிப்போய், ‘ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமா?’ என்று கேட்கிறார்கள். ஸ்கேனில் முத்து மாலை போலத் தெரிபவை கட்டிகளே அல்ல. ஒவ்வொரு மாதமும் ஒன்று முதிர்ந்து சினைமுட்டையை வெளியிட வேண்டிய சின்னஞ்சிறு நுண்பைகள், முதிராமல் பாதி வழியில் நின்றுபோனவை அவை. 1935இல் சிகாகோவைச் சேர்ந்த ஸ்டைன், லெவென்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் ஏழு பெண்களை ஆராய்ந்து இக்கோளாறை விவரித்தபோது, சினைப்பையின் ஒரு பகுதியை ஆப்பு வடிவில் வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சையைத்தான் செய்தார்கள். இன்று யாரும் அதிலிருந்து தொடங்குவதில்லை.

ஸ்கேனில் நுண்பைகள் தெரிவதால் மட்டும் இந்தக் கோளாறு உறுதியாகிவிடாது. 2003இல் ராட்டர்டாமில் வகுத்த அளவுகோலின்படி, மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண்தன்மை ஹார்மோன்கள் கூடியதற்கான அறிகுறி, ஸ்கேனில் தெரியும் தோற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். தைராய்டுக் கோளாறு, புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடுதல் போன்ற வேறு காரணங்கள் இல்லை என்றும் பார்த்தாக வேண்டும். பூப்படைந்து எட்டு ஆண்டுகள் ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பது இப்போதைய வழிகாட்டுதல். ஆகவே பள்ளியில் படிக்கும் மகளின் ஸ்கேன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கி நிற்கும் தாய்மார்கள் சற்றுப் பொறுக்கலாம்.

எடை ஏன் இவர்களுக்கு மட்டும் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது? மாலை ஆறரை மணிக்குத் தாதர் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடைமேடையில் கூட்டம் நிற்கிறது, வண்டி வருகிறது, ஆனால் வாசலில் அடைத்துக்கொண்டிருப்பவர்களைத் தாண்டி யாராலும் உள்ளே ஏற முடியவில்லை. சோற்றிலிருந்து இரத்தத்துக்கு வந்த சர்க்கரைதான் அந்தக் கூட்டம், தசைகள்தாம் பெட்டிகள், உள்ளே ஏற்றிவிடும் ஆள் இன்சுலின். இந்தக் கோளாறு உள்ள பெண்கள் பலருக்கு இன்சுலினின் சொல்லைத் தசை சரியாகக் கேட்பதில்லை. அதனால் கணையம் மேலும் மேலும் இன்சுலினை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. தசை கேட்காத சொல்லைச் சினைப்பை கேட்டுவிடுகிறது என்பதுதான் இதில் உள்ள சங்கடம். கூடுதல் இன்சுலின் அங்கே போய் ஆண்தன்மை ஹார்மோன்களைச் சுரக்கத் தூண்டுகிறது. அவற்றைப் பிடித்து வைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் உற்பத்தி செய்வதையும் குறைத்துவிடுகிறது. முகப்பரு, தாடையில் முடி, உச்சியில் முடி உதிர்தல், தள்ளிப்போகும் மாதவிடாய் எல்லாம் இதன் தொடர்ச்சிதான். உடம்பில் கொழுப்பைச் சேர்த்து வைப்பதும் இன்சுலினின் வேலை. சேர்ந்த வயிற்றுக் கொழுப்பு இன்சுலினின் சொல்லை இன்னும் செல்லாக்காசாக்குகிறது. கழுத்து மடிப்பில் அழுக்குப் போலப் படரும் கருமையைப் பயத்தமாவு போட்டுத் தேய்க்கும் பெண்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். அது அழுக்கில்லை, இன்சுலின் கூடியிருப்பதைத் தோல் எழுதிக் காட்டும் குறிப்பு.

ஆகவே எடை என்பது இந்தக் கோளாறுக்குக் காரணம் மட்டுமில்லை, விளைவும்கூட. அதைப் புரிந்துகொண்டால் எத்தனை கிலோ குறைக்க வேண்டும் என்ற கேள்விக்கு மனம் ஆறுதல் கொள்ளும் விடை கிடைக்கும். உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குபடத் தொடங்குகிறது, சினைமுட்டை வெளியாகிறது, சர்க்கரை அளவும் சீராகிறது. 70 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 5 விழுக்காடு என்பது மூன்றரை கிலோதான். கல்யாண ஆல்பத்தில் இருந்த உருவத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. என்னிடம் வந்த ஒரு பெண் நான்கு மாதத்தில் மூன்று கிலோ மட்டுமே குறைந்துவிட்டுத் தோற்றுப்போனவளைப் போல உட்கார்ந்திருந்தாள். தன் வீட்டுக் காலண்டரைக் கைப்பேசியில் படமெடுத்து வரச் சொன்னேன். முந்தைய ஆண்டு முழுவதும் நான்கே சிவப்பு வட்டங்கள் இருந்த இடத்தில், கடைசி மூன்று மாதங்களிலும் மாதம் தவறாமல் ஒரு வட்டம் இருந்தது.

இனி உணவு. எந்த உணவுமுறை மிகச் சிறந்தது என்று கேட்டால், மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம் முன்னின்று 2023இல் வெளியிட்ட சர்வதேச வழிகாட்டுதல், ஒன்றைக் காட்டிலும் மற்றொன்று சிறந்தது என்பதற்குச் சான்றில்லை என்றே சொல்கிறது. நீண்ட நாள் கடைப்பிடிக்க முடிந்த உணவுமுறையே நல்ல உணவுமுறை. நம் சாப்பாட்டில் நான் மாற்றச் சொல்வது மூன்று சுற்றுச் சோற்றை. குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று சோறு தட்டின் நடுவில் மலைபோல் எழும்பி நிற்க, பொரியல் ஓரத்தில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கும். இதைத் திருப்பிப் போடுங்கள். முதலில் ஒரு கிண்ணம் பொரியலையும், கூடவே சுண்டலோ முட்டையோ மீனோ கெட்டிப் பருப்போ சாப்பிட்டுவிட்டு, குழம்புக்கு மட்டும் ஒரு கரண்டிச் சோறு போட்டுக்கொள்ளுங்கள். ரசத்தைக் குடிக்கலாம், மோரையும் குடிக்கலாம். இரண்டுக்கும் சோறு துணைக்கு வர வேண்டியதில்லை. காயும் புரதமும் முன்னே, சோறு பின்னே என்று வரிசையை மாற்றினாலே அது உணவுக்குப் பிறகு ஏறும் சர்க்கரையைத் தணிக்கிறது. அரிசியை விட்டுச் சோளத்துக்கோ கம்புக்கோ மாறுவது நல்லதுதான். இந்த ஊரில் அவற்றின் மாவில் தட்டும் ரொட்டியான பாக்ரி எங்கும் கிடைக்கிறது. ஆனால் சிறுதானியம் என்பதற்காக நான்கு பாக்ரியை உள்ளே தள்ளினால் அதுவும் மாவுச்சத்துதான்.

இங்குள்ள பெண்களின் நாள் எப்படிப் போகிறது என்பதை விட்டுவிட்டு உணவைப் பேச முடியாது. டோம்பிவிலியிலிருந்து காலை ஏழு மணி வண்டியைப் பிடிப்பவர் வீட்டில் எல்லோருக்கும் டப்பா கட்டிவிட்டுத் தான் ஒன்றும் சாப்பிடாமல் ஓடுகிறார். அலுவலகத்தில் நான்கு கட்டிங் சாய். ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி சர்க்கரை என்று வைத்தாலும் 16 முதல் 20 கிராம் ஆகிவிடும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவில் பெரும்பகுதி தேநீரிலேயே தீர்ந்துவிடுகிறது. மாலையில் நிலையத்துக்கு வெளியே வடாபாவ் வாசனை வரும்போது அவரிடம் மன உறுதி இல்லை என்று பழிப்பது அநியாயம். பன்னிரண்டு மணி நேரப் பசிக்கு முன்னால் யாருடைய உறுதியும் நிற்காது. ஐந்து மணிக்கே சாப்பிடக் கைப்பையில் ஒரு சிறு டப்பா கொண்டைக்கடலைச் சுண்டல் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். மறந்துவிட்டால் நிலைய வாசலில் கூம்புத் தாளில் விற்கும் வறுத்த கடலை இருக்கிறது. பிறகு வடாபாவ் முன்னால் நின்று ஒன்றைச் சாப்பிட்டாலும் இரண்டைச் சாப்பிட மாட்டீர்கள்.

ஊரிலிருந்து வரும் பார்சல்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியிலிருந்து நீர்க்கட்டிக்கு நாட்டு மருந்து என்று கழற்சிக்காய்ப் பொடி வரும், கருப்பட்டி போட்ட உளுந்தங்களிக்கு மாவு வரும். உளுந்து நல்ல உணவு; கருப்பட்டி என்ன பெயரில் வந்தாலும் இரத்தத்துக்குள் போனதும் சர்க்கரைதான். கழற்சிக்காய் சாப்பிடுவதாக இருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள், அதை நம்பி அவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தவும் செய்யாதீர்கள்.

உடற்பயிற்சி என்றால் நடைதான் என்று நினைக்கிறோம். வாரத்துக்கு 150 நிமிடத்துக்குக் குறையாமல் வேக நடை வேண்டும் என்பது உண்மை. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். வேலை செய்யும் தசை இன்சுலினுக்குக் காத்திராமல் தானே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். முன்பு சொன்ன வண்டியில் இன்னொரு பக்கக் கதவு திறந்துகொண்டது போலத்தான் அது. ஜிம்முக்குப் போக நேரமும் பணமும் இல்லாதவர்கள் தோப்புக்கரணம் போடலாம். பிள்ளையார் முன் பேருக்கு முழங்காலை மடக்கும் தோப்புக்கரணத்தைச் சொல்லவில்லை; நாற்காலி உயரத்துக்கு நன்றாகத் தாழ்ந்து எழ வேண்டும். பத்துப் பத்தாக மூன்று தவணை போட்டால் முதல் வாரம் மாடிப்படி இறங்கும்போது தொடை பிள்ளையாரை நினைவுபடுத்தும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கட்டடத்தைச் சுற்றிப் பதினைந்து நிமிடம் நடப்பதற்கும் தனிப் பலன் உண்டு.

மருந்துகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவற்றைத் தீர்மானிக்க வேண்டியவர் உங்கள் மருத்துவர். மெட்ஃபார்மின் மாத்திரை இன்சுலினின் சொல்லை உடம்பு கேட்கும்படி உதவுகிறது. எடையை அது சிறிதளவே குறைக்கும். தொடக்கத்தில் வயிற்றைப் புரட்டும், ஆகையால் உணவோடு, குறைந்த அளவில் தொடங்குவார்கள். பல ஆண்டுகள் எடுப்பவர்கள் பி12 வைட்டமின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எடைக் குறைப்பு ஊசிகள் 2025இல் நம் சந்தைக்கு வந்துவிட்டன. அவை பசியைக் குறைத்து எடையையும் குறைக்கின்றன. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது. அவற்றைப் போட்டுக்கொண்டிருக்கும்போது கருத்தரிக்கக் கூடாது. மாதவிடாய் ஒழுங்காக வராததால் கருத்தடை தேவையில்லை என்று நினைத்து ஏமாறும் பெண்கள் உண்டு. எடை சற்றுக் குறைந்ததும் சினைமுட்டை எப்போது வெளியாகும் என்பது உங்களுக்குத் தெரியாது.

ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இந்தக் கோளாறு வருகிறது. அவர்களைப் பட்டினி போடச் சொல்லக் கூடாது; தசைப் பயிற்சியும் சாப்பாட்டின் வரிசையும் அவர்களுக்கும் பொருந்தும். எடை கூடியவர்களோ ஊர் வாயில் விழுகிறார்கள். கோயிலில், கல்யாணத்தில், ‘என்னம்மா, பூசினாற்போல ஆகிவிட்டாயே’ என்று கேட்பவர்கள் அன்பாகத்தான் கேட்கிறார்கள். அன்று இரவு அந்தப் பெண் சாப்பிடாமல் படுப்பதும், மறுநாள் பதினொரு மணிக்கு பிஸ்கட் பாக்கெட் முழுவதையும் முடிப்பதும் அவர்களுக்குத் தெரியாது. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம் என்பதை வீட்டார் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். அவளுக்குத் தனிச் சமையல், மற்றவர்களுக்குப் பூரி மசாலா என்று இரண்டு அடுப்பு எரியும் வீட்டில் எந்த ஆலோசனையும் இரண்டு மாதத்துக்கு மேல் நிற்பதில்லை.

எடைக்கருவியில் வாரம் ஒரு முறைக்கு மேல் ஏற வேண்டாம். மாதம் ஒரு முறை இடுப்பைச் சுற்றித் தையல் நாடாவை வைத்து அளந்து பாருங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் வேண்டும் என்பது கணக்கு. எடை அசையாத மாதத்திலும் நாடா இரண்டு சென்டிமீட்டர் உள்ளே வருவதுண்டு. காலண்டரில் தொடர்ந்து 90 நாட்கள் சிவப்பு வட்டமே இல்லை என்றால், எடை குறைந்துகொண்டிருந்தாலும் சரி, காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். கருப்பையின் உட்சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போவது பின்னாளில் அங்கே புற்றுநோய்க்கு வழிசெய்யக்கூடும். அதைத் தடுக்க எளிய மாத்திரைகள் இருக்கின்றன. போகும்போது குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனையைப் பற்றியும் கேளுங்கள். வெறும் வயிற்றுப் பரிசோதனையில் தப்பிவிடுவது அதில் பிடிபடும். மாதம் முடிந்ததும் காலண்டர் தாளைக் கிழித்து அலமாரித் தட்டில் விரிக்காமல் மடித்து எடுத்துப் போங்கள். பால் கணக்கும் சிலிண்டர் தேதியும் அதில் இருந்தால் மருத்துவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

நன்றி, வணக்கம்.