ஒரு தோட்டா, இரண்டு துப்பாக்கி

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் பேசியது. பேச்சு போன போக்கை அப்படியே விட்டிருக்கிறேன்.)

வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, அடுத்து ஒரு வளைகாப்புக்குப் போக வேண்டியிருந்தும் எனக்காக உட்கார்ந்திருக்கிற பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுத்த நூலகர் அவர்களே, என்னிடம் லேத் படித்துவிட்டு இன்று என்னைவிடப் பெரிய பட்டறை வைத்திருக்கிற தம்பிகளே, மைக் செட் தம்பியே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், டீ வரும்போது தனியாக வந்து வணக்கம் சொல்லிவிடுகிறேன்.

மூன்று விஷயம் பேசப் போகிறேன். ஒன்று, .44-40 என்கிற அமெரிக்கத் தோட்டாவின் கதை. இரண்டு, அது வேலை செய்த விதம். மூன்று, கௌபாய் சினிமாவில் அது பட்ட பாடு. கொலைக்கருவியைப் பற்றி இவனுக்கு என்ன பேச்சு என்று ஒரு பெரியவர் வாசலிலேயே கேட்டார். நியாயமான கேள்வி. அந்தத் தோட்டா எத்தனையோ உயிரைக் குடித்தது, அதை நான் பூசி மெழுக வரவில்லை. நான் பார்ப்பது சுட்ட பிறகு கீழே விழுகிற காலிக் கூட்டை. சிறு துரும்பும் பல் குத்த உதவும். முன்வரிசையில் சிரிக்கிறார்கள், நான் எந்த மேடை ஏறினாலும் இதைச் சொல்வேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆலிவர் வின்செஸ்டர் என்று ஒருவர், கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் சட்டை தைத்து விற்றுப் பணம் பண்ணியவர். சட்டைக்காரர் துப்பாக்கிக் கம்பெனியில் பணம் போட்டார். அவரிடம் வேலை பார்த்த பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860-ல் காப்புரிமை வாங்கியதுதான் ஹென்றி ரைஃபிள். அதன் தோட்டா ரிம்ஃபயர் வகை. செம்புக் கூட்டின் அடிவிளிம்பை மடித்து, அந்த மடிப்புக்குள் தட்டினால் பற்றுகிற மருந்து இருக்கும். சுத்தியல் விளிம்பை நசுக்கும், பற்றிக்கொள்ளும். சரி, விளிம்பு நசுங்க வேண்டுமென்றால் தகடு மெல்லிசாக இருக்க வேண்டும், மெல்லிசாக இருந்தால் கருமருந்தை அதிகம் அடைக்க முடியாது, கூடு பிளந்துவிடும். அதனால் 26, 28 கிரெய்னோடு நின்றார்கள், கிரெய்ன் என்பது மருந்து நிறுக்கிற ஒரு பொடி எடை. சுட்ட பிறகு நசுங்கிய விளிம்பை வைத்து என்ன செய்வது? எறிய வேண்டியதுதான்.

1873-ல் வின்செஸ்டர் புது ரைஃபிளும் அதற்கென்றே ஒரு சென்டர்ஃபயர் தோட்டாவும் கொண்டுவந்தது, நம் .44-40 இதுதான். 40 கிரெய்ன் கருமருந்து, அதாவது இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். 200 கிரெய்ன் ஈயக்குண்டு, ஏறத்தாழ 13 கிராம். கூட்டின் அடியில் நட்டநடுவே ஒரு குழி, அதில் பிரைமர் என்கிற குட்டிக் கிண்ணம். நசுங்குவது அது மட்டும்தான். கூடு உறுதியாகவே நிற்கும். செத்த பிரைமரைக் குத்தித் தள்ளு, புதுசை அழுத்து, மருந்தைக் கொட்டு, குண்டைச் செருகு, தோட்டா தயார். இதற்குப் பாக்குவெட்டி மாதிரி ஒரு கைக்கருவியைக் கம்பெனியே விற்றது. பக்கத்துக் கடைக்கு இரண்டு நாள் குதிரையில் போக வேண்டியவன் அடுப்பில் ஈயம் உருக்கி, அச்சில் ஊற்றி, வீட்டிலேயே தோட்டா செய்துகொண்டான். தயாரித்தவனே பழுது பார்க்கிற கருவியையும் கையில் கொடுத்தான், இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 1870-களின் கடைசியில் கோல்ட் என்கிற இன்னொரு துப்பாக்கிக் கம்பெனி தன் ரிவால்வரையும் இதே தோட்டாவுக்குச் செய்தது. இடுப்பில் இருப்பதற்கும் தோளில் இருப்பதற்கும் ஒரே தோட்டா. கோல்ட்டின் சொந்தத் தோட்டாவான .45-க்கு அந்தக் காலத்தில் வின்செஸ்டர் ரைஃபிளே கிடையாது. போட்டிக் கம்பெனிகளும் இதே தோட்டாவுக்குத் துப்பாக்கி செய்தன, ஆனால் தோட்டாவுக்கு முதலில் வைத்த பெயரிலேயே வின்செஸ்டர் இருந்தது, எதிராளி பெயரை எதற்குப் பொறிப்பது என்று .44-40 என்று பொறித்தன. ரோஷம் பெயரில்தான், அளவில் கை வைக்கவில்லை பாருங்கள்! 1873 ரைஃபிள் மட்டும் 7 லட்சத்துக்கு மேல் விற்றது.

அளவு என்றதும் என் மைத்துனர் வீட்டு மிக்ஸி. தீபாவளி காலை, வடைக்கு உளுந்து ஊறிக் கிடக்கிறது, ஜார் அடியில் இருக்கிற கப்ளர் பல் உடைந்துவிட்டது. மைத்துனர் ஜாரைக் கையில் தூக்கிக்கொண்டு, எண்ணெய் வழிகிற தலையோடு, கடை கடையாகப் போகிறார். ஒரு கடைக்காரர் பிஸ்கட் டப்பா நிறையக் கப்ளரைக் கொட்டிக் காட்டுகிறார், நாலு பல், ஆறு பல், எட்டுப் பல், ஒன்றும் சேரவில்லை. அதே கம்பெனியின் வேறு மாடல் கப்ளர்கூடச் சேரவில்லை! போன் போட்டால், “சார், அந்த மாடல் நின்றுபோச்சு, பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கிக்கோங்க” என்கிறார்கள். இதற்குள் அக்கா மாடியிலிருந்து ஆட்டுக்கல்லை உருட்டிக்கொண்டு வந்துவிட்டாள், மாவாட்டியது யார் என்று நினைக்கிறீர்கள், எண்ணெய்த் தலையோடு மைத்துனர்தான். மறுநாள் நம் தம்பி ஒருவர் நைலான் கம்பியை லேத்தில் கடைந்து கொடுத்தார், இன்றைக்கும் அதில்தான் சட்னி. சிறு துரும்பு!

தோட்டாவுக்குத் திரும்புவோம். பாக்ஸர், பெர்டன் என்று இரண்டு வகைப் பிரைமர், செய்தவர்கள் பெயர்தான். பாக்ஸர் ஆங்கிலேயர், அவர் முறை அமெரிக்காவில் நிலைத்தது. பெர்டன் அமெரிக்கர், அவர் முறை ஐரோப்பாவுக்குப் போனது. பாக்ஸருக்கு நடுவில் ஒரே துளை, ஒரு கம்பியால் குத்தினால் பழசு வெளியே வந்துவிடும். வீட்டில் நிரப்புகிறவர்களுக்கு அதனால்தான் அது பிடித்தது. 1890-களில் புகையில்லா மருந்து வந்ததும் இந்தத் தோட்டாவின் மவுசு மெல்லக் குறைந்தது. நம் நீலகிரியில் அருவங்காட்டுக் கார்டைட் ஆலை எழுந்ததும் அந்தப் புகையில்லா மருந்துக்காகத்தான், அது தனிக் கதை.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சினிமா இன்றைக்கு இல்லை, மன்னிக்க வேண்டும்.

பழுது பார்க்கிற கருவியை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அதற்கு வருகிறேன். வாங்கிய பொருளை நாமே பழுது பார்த்துக்கொள்ள வழி வேண்டும், அதுதான் பழுதுபார்க்கும் உரிமை. 2022-ல் மத்திய அரசு அதற்கு ஒரு குழு போட்டது, இணையதளமும் திறந்தது. நல்லது. ஆனால் பசை போட்டு ஒட்டிய போனோடு நம் ஊர்க் கடைத் தம்பி மல்லுக்கட்டுவது இன்னும் நிற்கவில்லை. உதிரி பாகம் கிடைக்க வேண்டும், அளவு பொதுவாக இருக்க வேண்டும், கழற்றும் விதத்தை எழுதிக் கொடுக்க வேண்டும், இதைச் சட்டமாகவே கேட்போம். பேரூராட்சித் தலைவர் அம்மாவிடம் எனக்கு ஒரு விண்ணப்பமும் உண்டு: சமுதாயக் கூடத்தில் மாதம் ஒரு ஞாயிறு பழுதுபார்ப்பு முகாம் நடத்த இடம் தாருங்கள், கரண்ட் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மனு டீ மேஜையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ எடுங்கள், பேனாவைத் திருப்பி வைத்துவிடுங்கள், அதற்கு ரீஃபில் மாற்றி மாற்றித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நன்றி, வணக்கம்.