கதவை மூடினார்கள், கடிகாரத்தை நிறுத்தவில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

2020 மார்ச் 19ஆம் தேதி, கோவிட் பரவத் தொடங்கியபோது, அப்போதைய ஆஸ்திரேலியப் பிரதமர் ஸ்காட் மாரிசன் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். குடிமக்கள், நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள், அவர்களுடைய நெருங்கிய குடும்பத்தார், இவர்களைத் தவிர வேறு யாரும் மறுநாள் இரவு 9 மணியிலிருந்து நாட்டுக்குள் வர முடியாது என்றார். தங்கையின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனவர், அப்பாவின் அறுவை சிகிச்சைக்காகப் போனவர், வகுப்பு தொடங்குமுன் கொஞ்ச நாள் வீட்டில் இருந்துவிட்டு வரலாம் என்று போன மாணவர், எல்லாரும் ஒரே இரவில் வெளியே நின்றார்கள். விசா செல்லுபடியாகத்தான் இருந்தது. மெல்பர்னிலோ சிட்னியிலோ வாடகைக்கு எடுத்த வீடு இருந்தது, வேலை இருந்தது. சிலருக்கு வாசலில் நிறுத்திவிட்டுப் போன காரும் இருந்தது.

தடுப்பூசி போட்ட எல்லா விசாக்காரர்களுக்கும் அந்த எல்லை மறுபடி திறந்தது 2022 பிப்ரவரி 21ஆம் தேதி. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள்.

முடிந்துபோன கதையை இப்போது ஏன் கிளற வேண்டும் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். மத்திய அரசு அமைத்த கோவிட் விசாரணைக் குழு 2024 அக்டோபரில் தன் அறிக்கையைத் தந்தது. அரசின் மீது மக்கள் வைத்திருந்த நம்பிக்கை தேய்ந்துவிட்டது, அன்று பொறுத்துக்கொண்ட கட்டுப்பாடுகளில் பலவற்றை அடுத்த முறை பொறுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அதில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். அடுத்த முறை என்று ஒன்று வரும் என எண்ணித்தான் அரசே திட்டம் போடுகிறது. அப்படியானால் தற்காலிக விசாவில் வாழ்கிறவர்களை அப்போது எப்படி நடத்துவது என்பதையும் இப்போதே பேசி முடிவு செய்ய வேண்டும்.

எல்லையை மூடியதே தவறு என்று நான் சொல்லவில்லை. 2021 ஜூன் முடியும்வரை ஆஸ்திரேலியாவில் கோவிட்டால் இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. அதே நேரத்தில் மற்ற நாடுகளில் என்ன நடந்தது என்பதை நாம் எல்லாரும் கண்ணால் பார்த்தோம். தடுப்பூசி இல்லாத அந்த மாதங்களில் மூடிய எல்லை பல உயிர்களைக் காத்தது. ஆனால் யார் உள்ளே வரலாம் என்று தீர்மானித்தபோது, ஒருவருடைய வாழ்க்கை எந்த ஊரில் வேரூன்றியிருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. விசாவின் வகையைத்தான் பார்த்தார்கள். அதோடு, வெளியே நிற்க வைத்தவர்களின் விசாக் காலம் வெளியே நின்ற நாட்களிலும் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டாவதாகச் சொன்னதைத்தான் நான் பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன்.

சாதாரண நாட்களில் நாம் யோசிக்காத ஒன்று உண்டு. விசா என்பது வரலாம் என்ற அனுமதி. அந்த அனுமதியை அரசு எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்ய, குடிவரவுச் சட்டத்தில் விரிந்த அதிகாரம் இருக்கிறது. விதிவிலக்கு இல்லாமல் வந்து இறங்கினால் விசா ரத்தாகலாம் என்பதால், விமான நிறுவனங்கள் பயணிகளை ஏற்றவே இல்லை. ஆகவே ஆஸ்திரேலியாவின் எல்லை அந்த நாட்களில் சென்னையிலும் கொழும்பிலும் பெட்டி எடை போடும் கவுண்டரில் இருந்தது. அங்கே நிற்கும் ஊழியர் கணினியைப் பார்த்துவிட்டு முடியாது என்றால், அதோடு சரி.

ஒரே தெருவில் குடியிருக்கும் இரண்டு தமிழ்க் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். ஒன்று குடியுரிமை பெற்ற குடும்பம், மற்றது தற்காலிக வேலை விசாவில் இருக்கும் குடும்பம். இரண்டு வீட்டிலும் ஊரில் இருக்கும் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. குடியுரிமை பெற்றவர் திரும்பி வரலாம், ஆனால் நாட்டைவிட்டுக் கிளம்ப அவருக்கு அனுமதி வேண்டும். 2020 மார்ச் 25 முதல் குடிமக்களும் பிஆர் எனும் நிரந்தர வசிப்புரிமை வைத்திருப்பவர்களும் வெளிநாடு போக அப்படி ஒரு தடை இருந்தது. தற்காலிக விசாக்காரர் தாராளமாகக் கிளம்பலாம், ஆனால் திரும்பி வர முடியாது. இப்படித்தான் எத்தனையோ பிள்ளைகள் தகப்பனின் இறுதிச் சடங்கை வாட்ஸ்அப்பில் பார்த்தார்கள்.

2020 ஏப்ரல் 3ஆம் தேதி பிரதமர் இன்னொன்றும் சொன்னார். சுற்றுலா வந்தவர்களும், தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள வசதியில்லாதவர்களும் சொந்த நாட்டுக்குத் திரும்பும் நேரம் இது என்றார். வேலை பறிபோகாமல் இருக்கச் சம்பளத்துக்காக அரசு அப்போது தந்த ஜாப்கீப்பர் உதவித்தொகை, தற்காலிக விசாக்காரர்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. உணவகத்திலும் கடையிலும் பார்த்த வேலை போய், வாடகை கட்ட வழியில்லாமல் நின்ற மாணவர்கள் சிலர் அந்தப் பேச்சை நம்பி ஊருக்குப் போனார்கள். சொன்னபடி கேட்டவர்களுக்குத்தான் திரும்பி வரும் வழி அடைபட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

வெளியே நின்றவர்களுக்கு இருந்த ஒரே வழி விதிவிலக்கு கேட்பது. நம் வீடுகளில் எல்லாரும் எக்ஸெம்ப்ஷன் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆஸ்திரேலிய எல்லைப் படையின் ஆணையரிடம் இணையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவர் கடிதம், நிறுவனத்தின் கடிதம், திருமணச் சான்று, அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு என்று ஒரு கட்டு. சில குடும்பங்களுக்கு இந்த விண்ணப்பங்களை நிரப்ப நானும் கூட இருந்து உதவியிருக்கிறேன். நள்ளிரவில் பதில் வரும். சில வரிகள்தான். தேவையான அளவுக்கு இல்லை என்று இருக்கும், எது போதவில்லை என்று இருக்காது. அந்த முடிவை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. மறுபடி புதிதாக விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான்.

2020 செப்டம்பரில் முன்னுரிமைத் தொழில்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. முதலில் அதில் 17 தொழில்கள்: மருத்துவர், செவிலியர், மென்பொருள் பொறியாளர் என்று. அந்தப் பட்டியலில் இருந்து, அழைக்க ஒரு நிறுவனமும் இருந்தால் உள்ளே வர வாய்ப்பு உண்டு. நாட்டுக்குத் தேவையானவர்களை அழைப்பதில் குறையில்லை. ஆனால் 2021 ஜனவரியில் டென்னிஸ் போட்டிக்காக வீரர்களும் உடன் வருபவர்களுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தனி விமானங்களில் மெல்பர்ன் வந்து இறங்கியபோது, அதே ஊரில் வீடும் வேலையும் இருந்து வெளியே நின்றவர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

குடும்பம் என்றால் யார் என்பதிலும் பெரிய சிக்கல். கணவன், மனைவி, துணைவர், சார்ந்திருக்கும் பிள்ளை, சட்டப்படியான பாதுகாவலர், இவர்கள்தான் நெருங்கிய குடும்பம். அம்மாவும் அப்பாவும் அதில் இல்லை. பிரசவத்துக்கு அம்மா வந்து நிற்பது நம் வீடுகளில் எவ்வளவு பெரிய தைரியம் என்று உங்களுக்குத் தெரியும். குடியுரிமை பெற்ற பெண்களுக்குக்கூட அந்தத் தைரியம் கிடைக்கவில்லை. பெற்றோரையும் நெருங்கிய குடும்பமாக ஏற்றது 2021 நவம்பர் 1ஆம் தேதி முதல்தான். இதில் மருத்துவக் காரணம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மனைவிக்கும் மாமியாருக்கும் ஒரே 14 நாள் தனிமைப்படுத்தல்தான். கிருமி உறவுமுறை பார்ப்பதில்லையே.

நிச்சயிக்கப்பட்டவர்களுக்கான விசாவில் இருந்தவர்கள் நிலைமை இன்னும் கொடுமை. அந்த விசா 9 முதல் 15 மாதங்களுக்குத்தான். அதற்குள் இங்கே வந்து கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். ஆனால் நிச்சயமானவர் நெருங்கிய குடும்பம் இல்லை என்பதால் வரவும் விடவில்லை. கட்டணத்தைத் திருப்பித் தரவும் காலத்தை நீட்டிக்கவும் அரசு பிறகு முன்வந்தது. அதற்குள் எத்தனை குடும்பங்களில் எவ்வளவு பேச்சு கிளம்பியிருக்கும்!

இப்போது கடிகாரத்துக்கு வருகிறேன். படிப்பு முடித்த மாணவர்கள் வேலை பார்க்க 485 என்ற விசா வழங்கப்படுகிறது. அன்று பெரும்பாலானவர்களுக்கு இரண்டு ஆண்டு. தடுப்பூசி போட்ட மாணவர்களும் திறன்மிகு தொழிலாளர்களும் விதிவிலக்கு இல்லாமல் வரலாம் என்று அரசு அனுமதித்தது 2021 டிசம்பர் 15 முதல். முதலில் டிசம்பர் 1 என்றார்கள். ஒமிக்ரான் வந்ததால், டிக்கெட் எடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களை இன்னும் இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னார்கள். எல்லை மூடிய நாளிலிருந்து கணக்குப் போட்டால் ஏறக்குறைய 21 மாதங்கள். 24 மாத விசாவில் 21 மாதம் போய்விட்டால் மிச்சம் என்ன? பலருக்கு அந்த மிச்சமும் இல்லை, விசா ஊரிலேயே காலாவதியானது. கல்விக் கடன் மட்டும் காலாவதியாகவில்லை. அதன் வட்டி ஏறிக்கொண்டேதான் இருந்தது.

விசாவோடு மட்டும் இது நிற்கவில்லை. பிஆருக்குப் புள்ளிகள் கணக்குப் போடுவது உங்களில் பலருக்குத் தெரியும். 25 முதல் 32 வயதுவரை 30 புள்ளி. 33 ஆனால் 25. 40 ஆனால் 15. 45 வயதானால் விண்ணப்பிக்க அழைப்பே கிடையாது. ஊரில் காத்திருந்த காலத்தில் 33ஆவது பிறந்தநாள் வந்தால் ஐந்து புள்ளி போயிற்று. 40ஆவது பிறந்தநாள் என்றால் பத்து. ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் மூன்று ஆண்டுதான் செல்லும், ஆக அதையும் மறுபடி எழுத வேண்டும். மூன்று ஆண்டு அனுபவத்துக்கு ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்திருந்தால் பத்துப் புள்ளி, வெளிநாட்டில் என்றால் ஐந்துதான். ஒரு முடக்கத்துக்கு ஒருவர் இத்தனை இடத்தில் விலை கொடுத்தார். அந்த முடக்கத்தில் அவர் செய்த தவறு எதுவும் இல்லை.

2022 ஜூலை 1 முதல் மாற்று 485 விசா கொடுத்தார்கள். 2020 பிப்ரவரி 1 முதல் 2021 டிசம்பர் 14 வரையான காலத்தில் அந்த விசாவோடு வெளிநாட்டில் சிக்கியவர்கள் விண்ணப்பிக்கலாம், முதலில் கிடைத்த அளவு காலமே மறுபடி கிடைக்கும். நல்ல முடிவு, பாராட்டுகிறேன். பிராந்திய விசாக்காரர்களுக்கும் நீட்டிப்பு கிடைத்தது. இழந்த காலத்தைத் திருப்பித் தர முடியும் என்பது இதிலிருந்தே தெரிகிறது. அப்படியென்றால் 2020லேயே ஏன் சொல்லவில்லை? அன்றே சொல்லியிருந்தால் ஊரில் இருந்தவர்கள் நிம்மதியாக ஒரு வேலையில் சேர்ந்து காத்திருந்திருப்பார்கள். இரண்டு ஆண்டு கழித்து அறிவிப்பு வந்தபோது பலர் வேறு நாட்டுக்குப் போய்விட்டார்கள். சிலர் அந்த ஆசையையே விட்டுவிட்டார்கள்.

வெளியே நின்றவர்களை உள்ளே விடாததற்கு, தனிமைப்படுத்தி வைக்க அறை இல்லை என்பதுதான் அரசு சொன்ன காரணம், அதில் உண்மையும் உண்டு. வருகிறவர்களை ஹோட்டலில் 14 நாள் வைக்க வேண்டும், அதனால் 2020 ஜூலை முதல் விமானப் பயணிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு போட்டார்கள். நியூ சவுத் வேல்ஸில் ஒருவருக்கு 3,000 டாலர் கட்டணம். டார்வின் பக்கத்தில் ஹோவர்ட் ஸ்பிரிங்ஸ் முகாம் தனித்தனி அறைகளோடு நன்றாக இயங்கியது. அதைப் போல மெல்பர்னில் புதிதாகக் கட்டிய மையம் திறந்தது 2022 பிப்ரவரியில், அதாவது எல்லையே திறந்த மாதத்தில்.

பிஆரும் குடியுரிமையும் இருந்துவிட்டால் கவலையில்லை என்று நினைத்தவர்களுக்கு 2021 மே மாதம் ஒரு பாடம். இந்தியாவில் இரண்டாம் அலை. 14 நாட்களுக்குள் இந்தியாவில் இருந்தவர்கள் ஆஸ்திரேலியா வந்தால் ஐந்தாண்டு சிறை, 66,600 டாலர் அபராதம்வரை விதிக்கலாம் என்று மே 3 முதல் தடை. ஏறக்குறைய 9,000 ஆஸ்திரேலியர்கள் அங்கே பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். பெங்களூரில் சிக்கிய முதிய குடிமகன் ஒருவர் தொடுத்த வழக்கை நீதிமன்றம் மே 10 அன்று தள்ளுபடி செய்தது. மே 15இல் தடை முடிந்தது என்றாலும், அந்த இரண்டு வாரத்தை நம் சமூகம் மறக்கவில்லை.

ஆஸ்திரேலியா 1980இல் ஏற்றுக்கொண்ட குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் ஒரு வரி உண்டு. தன் சொந்த நாட்டுக்குள் நுழையும் உரிமையை எவரிடமிருந்தும் தன்னிச்சையாகப் பறிக்கக்கூடாது. சொந்த நாடு என்பது பாஸ்போர்ட் கொடுத்த நாடு மட்டுமல்ல என்று ஐநா மனித உரிமைக் குழு 1999இல் விளக்கம் தந்தது. 27 நாள் குழந்தையாக இங்கே வந்து, வளர்ந்து, குற்றங்களுக்காக ஸ்வீடனுக்கு நாடுகடத்தப்பட்ட ஒருவர் விஷயத்தில், அவருக்கு ஆஸ்திரேலியாதான் சொந்த நாடு என்று 2011இல் அந்தக் குழு சொன்னது. இரண்டு ஆண்டு விசாவில் இருப்பவருக்கு அந்த வரி அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எட்டு, பத்து ஆண்டுகளாக இங்கே வரி கட்டி, பிள்ளைகளை இங்கே பள்ளிக்கு அனுப்பி, ஒரு தற்காலிக விசாவிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டிருக்கிற குடும்பம்? அதற்கு எது சொந்த நாடு?

எல்லை மூடும் நாளிலேயே விசாக் காலமும் வயதுக் கணக்கும் தேர்வு மதிப்பெண்ணின் காலமும் தானாக நின்றுவிட வேண்டும். அமைச்சர் மனம் வைத்தால் கிடைக்கும் சலுகையாக இல்லாமல், இதைச் சட்டத்திலேயே எழுத வேண்டும். வழக்கமாக இங்கே வசிப்பவரை, அவர் விசா எதுவானாலும், சுற்றுலா வந்தவரோடு ஒரே வரிசையில் நிறுத்தக்கூடாது. விண்ணப்பத்தை மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். எழுத நீங்கள் குடிமகனாக இருக்கவேண்டும் என்பதில்லை. அன்று வந்த மறுப்புக் கடிதங்கள் இன்னும் மின்னஞ்சலில் இருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள், எழுதும்போது அவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். கேட்டுக்கொண்டிருந்த உங்கள் எல்லாருக்கும் நன்றி. வணக்கம்.