ஊசிக் குத்துப்பட்டவருக்கு எந்தச் சட்டம்?

வணக்கம் நேயர்களே. வேலைத்தலப் பாதுகாப்பு என்றால் திருகோணமலையில் நமக்குத் துறைமுகமும் சீனன்குடாப் பக்கத்து ஆலைகளும்தான் ஞாபகம் வரும். நம் சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் பார்க்கிறது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், இயந்திரத்துக்குக் காப்பு போடு, கொதிகலனைப் பரிசோதி என்று விலாவாரியாகப் பேசும். ஆனால் வார்டில் இரவுக் கடமை பார்க்கும் தாதியையோ, கச்சேரியில் கோப்புகளுக்கு நடுவே இருக்கும் எழுதுவினைஞரையோ மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல அது.

ஒரு வார்டை எடுத்துக்கொள்வோம். ஊசி போட்டு முடிந்ததும் மூடியை மறுபடி மாட்டப் போகும்போதுதான் விரலில் குத்துகிறது. மாட்டவே கூடாது, அப்படியே மஞ்சள் பெட்டியில் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பெட்டி முக்கால்வாசி நிறைந்ததும் மாற்ற வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் மாற்றுப் பெட்டி ஸ்டோரில் இருந்தால்தானே! அப்புறம் ஊசி குப்பைப் பையில் விழும். மறுநாள் காலையில் அந்தப் பையைத் தூக்கும் சுத்திகரிப்புப் பெண்ணுக்குக் குத்தும். எந்த நோயாளியின் ஊசி என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நோயாளிக்கு ஹெபடைடிஸ் பி இருந்து, குத்துப்பட்டவர் தடுப்பூசி போடாதவராக இருந்தால், 100 பேரில் 30 பேர் வரை தொற்றலாம். ஹெபடைடிஸ் சி என்றால் 100க்கு 2க்கும் குறைவு. எச்ஐவி என்றால் 1000க்கு 3. குத்திய இடத்தைப் பிதுக்க வேண்டாம், சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு வேகமாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

சரி, சட்டத்துக்கு வருவோம். அரச ஊழியர் கடமையில் காயப்பட்டால் தாபன விதிக்கோவையில் விபத்து விடுமுறைக்கு இடமுண்டு. சுத்திகரிப்பு போன்ற வேலைக்கு வரும் ஒப்பந்தக் கம்பனியின் ஆளுக்கு 1934ஆம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம், வேலைக்கு வரும்போதும் வீடு திரும்பும்போதும் நடக்கும் விபத்துகளையும் அதற்குள் கொண்டுவந்தது. மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் விடியற்காலை பஸ் ஏறுகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருங்கள். ஆனால் இவையெல்லாம் குத்திய பிறகு வருகிற சட்டங்கள். குத்தாமல் தடுக்கும் பகுதிதான் நம்மிடம் மெலிவு. 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் தொழில்சார் பாதுகாப்புக்கென்று ஒரு தேசிய நிறுவகம் வந்தது. ஆராய்வது, பயிற்றுவது, ஆலோசனை சொல்வது அதன் வேலை.

பிரித்தானியாவின் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஆலை, ஆஸ்பத்திரி, அலுவலகம் எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ் எடுத்தது. அமெரிக்காவின் 1970ஆம் ஆண்டுச் சட்டம் மாநில, உள்ளூராட்சி ஊழியர்களை வெளியே விட்டது. அந்த இடைவெளியைச் சில மாநிலங்கள் தாங்களாகவே நிரப்பின. ஆனால் அங்கே 2000ஆம் ஆண்டில் ஊசிக் குத்துக்கென்றே ஒரு சட்டம் வந்தது. பாதுகாப்பான ஊசியைத் தெரிவு செய்யும்போது அதைக் கையில் பிடிக்கிறவர்களின் கருத்தையும் கேட்க வேண்டும், ஒவ்வொரு குத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்கிறது அது. எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சட்டம்தான். கொள்வனவுக் குழுவில் ஒரு தாதியும் ஒரு சிற்றூழியரும் இருக்க நம் நாட்டில் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

பதிவேட்டுக்கு அதுவும் வேண்டாம். குத்திய அன்றைக்கே நேரம், இடம், எந்த வகை ஊசி என்று எழுதிப் பொறுப்புத் தாதியிடம் ஒப்பம் வாங்கி, ஒரு பிரதியை நீங்களே வைத்திருங்கள். கம்பனி ஆட்களும்தான்; நாளை நட்டஈடு கேட்கும்போது "அது இங்கே நடக்கவில்லை" என்று யாராவது சொன்னால், காட்டுவதற்கு அந்தத் தாள் கையில் இருக்கும்.