பாக்கஸ் ஓவியங்கள் பேசுவது களிப்பையே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ஐரோப்பிய ஓவியர்கள் மதுக்கடவுள் பாக்கஸை வரைந்தது களிப்பைக் காட்டவா, நம்மை எச்சரிக்கவா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் இத்தாலிய ஓவியர் காரவாஜியோ ஒருவரையே நம்பி வந்திருக்கிறார். ஃப்ளாரன்ஸ் நகரத்து உஃபிசி ஓவியக்கூடத்தில் இருக்கும் அந்த பாக்கஸ் படத்தில் பழங்கள் அழுகியிருக்கின்றன, குடித்தால் உன் கதியும் இதுதான் என்கிறார் ஓவியர் என்று முழங்கினார்.

பழத்தைப் பார்த்தவர் அந்தப் பையனின் கையைப் பார்க்கவில்லையே! கடவுள் என்று பெயர், நகத்திலோ அழுக்கு. ரோம் நகரத் தெருவில் பார்க்கிற பையன்தான் அவன். அகன்ற கண்ணாடிக் கிண்ணத்தை நம் பக்கம் நீட்டுகிறான். மது இன்னும் வளையம் வளையமாக அசைகிறது. எச்சரிக்க வந்தவன் இப்படி நீட்டுவானா? பழம் கெடும், அதற்குள் வந்து உட்கார் என்கிறான். அழுகல் அந்த அழைப்பை அவசரமாக்குகிறது, அவ்வளவுதான்.

சரி, இன்னொரு இத்தாலிய ஓவியர் டிஷியனிடம் வருவோம். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது, 1520க்கும் 1523க்கும் இடையில் ஃபெராரா பிரபுவுக்காக அவர் வரைந்த படம். கிரேக்கப் புராணக் கதை அது: நாக்சோஸ் தீவில் இளவரசி அரியாட்னியைக் கைவிட்டுப் போகிறான் அவள் காதலன் தீசியஸ். அவன் கப்பல் தொலைவில் சின்னதாகத் தெரிகிறது. அந்த நேரத்தில் சிறுத்தைகள் பூட்டிய தேரிலிருந்து பாக்கஸ் குதிக்கிறார். கால் தரையைத் தொடவில்லை, கண் அவளை விட்டு அகலவில்லை. பின்னால் வரும் கூட்டம் ஆட்டமும் கூச்சலுமாகத்தான் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் கைவிடப்பட்ட ஒரு பெண்ணிடம் ஓடி வந்தவர் யார்? இந்தக் கடவுள்தான்!

அப்புறம் ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ். என் வாதமே இவர்தான். 1628, 29 வாக்கில் ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்புக்காக வரைந்தார். அந்த பாக்கஸ் படம் இன்று மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெளுத்த உடம்போடு கடவுள் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் வெயிலில் கறுத்து, முகம் சுருங்கிய உழைப்பாளிகள். முன்னால் மண்டியிட்டவன் தலையில் இலைக்கிரீடம் சூட்டுகிறார். அரண்மனைக்குப் போகும் படத்தில், கந்தல் உடுத்தியவன் கடவுள் கையால் முடிசூடுகிறான், ஐயா! பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவர் கிண்ணத்தைப் பிடித்தபடி நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்.

சூட்டும்போது பாக்கஸ் வேறெங்கோ பார்க்கிறாரே, அது அலட்சியம் இல்லையா என்று எதிரணி கேட்கலாம். கேட்கட்டும். அந்த உழைப்பாளிகளில் எவரும் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. நடுவர் அவர்களே, தீர்ப்புக்கு முன் அந்தத் தொப்பிக்காரரின் முகத்தை ஒருமுறை பாருங்கள். அதில் எச்சரிக்கை எங்கே இருக்கிறது என்று எதிரணி விரல் வைத்துக் காட்டட்டும். நன்றி, வணக்கம்.