தண்ணீர் கரை ஏறவே இல்லை, ஆனாலும் அணை போய்விட்டது

வணக்கம் மக்களே. இன்றைக்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்குப் போகிறோம். ஈடன்வில் அணை. பேர் பெற்ற அணை எல்லாம் இல்லை. டிட்டபவாசி ஆற்றில் டொபாக்கோ ஆறு வந்து கலக்கும் இடத்தில், 1925ல் கட்டி முடித்த மண் அணை. உயரம் 54 அடி. மின் உற்பத்தித் திறன் 4.8 மெகாவாட், அவ்வளவுதான்.

முதலில் இந்தக் காட்சியைப் பாருங்கள். 2020 மே 19, மாலை ஐந்தரை மணி வாக்கில் அந்த ஊர்க்காரர் ஒருவர் எடுத்தது. புல் முளைத்த கரை, சும்மா நிற்கிறது. இதோ, இங்கே கவனியுங்கள். கரையின் வெளிப்பக்கச் சரிவு குழைந்து முன்னால் ஓடுகிறது பாருங்கள். சில விநாடிகள்தான், கரை இருந்த இடத்தில் இப்போது ஆறு ஓடுகிறது.

பின்னால் போய் ஒரு இடத்தில் நிறுத்துகிறேன். கரையின் உச்சியைப் பாருங்கள். தண்ணீர் அதைத் தாண்டி வழிகிறதா? இல்லை. எனக்கு இந்த அணை மேல் ஆர்வம் வந்ததே இதனால்தான். பல வருஷமாக இந்த அணையைப் பற்றி நடந்த சண்டை முழுக்க, வெள்ளம் கரையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதைப் பற்றியே.

அந்தச் சண்டையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த அணையின் உபரிநீர் மதகுகளால், அங்கே வரக்கூடிய உச்சபட்ச வெள்ளத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் வெளியேற்ற முடியும். மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் பத்தாண்டுக்கும் மேலாக, மதகை விரிவாக்குங்கள் என்று உரிமையாளரான பாய்ஸ் ஹைட்ரோ நிறுவனத்திடம் சொல்லிக்கொண்டே இருந்தது. நிறுவனத்தின் பதில், பணம் இல்லை. 4.8 மெகாவாட் மின்சாரத்தை விற்று வருகிற காசில் பல கோடி டாலர் வேலையை எப்படிச் செய்வது? நிறுவனத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் கணக்கு அப்படித்தான் இருந்தது. கடைசியில் 2018 செப்டம்பரில் ஆணையம் மின் உற்பத்தி உரிமத்தையே ரத்து செய்தது. விளைவு என்ன தெரியுமா? வந்துகொண்டிருந்த கொஞ்ச வருமானமும் நின்றது. அணையும் ஏரியும் அதே இடத்தில் இருந்தன.

உரிமம் போனதும் பொறுப்பு மாநில அரசிடம் வந்தது. உச்ச வெள்ளத்தில் பாதியை வெளியேற்றினால் போதும் என்பது மாநிலத்தின் விதி. அதாவது அணை மாறவில்லை, அளவுகோல்தான் பாதியாகிவிட்டது! நிறுவனம் ஏரியின் மட்டத்தை இறக்கியதில் நன்னீர்ச் சிப்பிகள் கூட்டம் கூட்டமாகச் செத்துவிட்டன என்று மாநில அரசு வழக்குப் போட்டது 2020 ஏப்ரல் கடைசியில். அணை உடைய மூன்று வாரம்கூட இல்லை. சிப்பியும் உயிர்தான், வழக்கைக் குறை சொல்லவில்லை. எந்த நேரத்தில் எல்லோருடைய பார்வையும் எங்கே இருந்தது என்று பாருங்கள்.

சரி, கரை ஏன் சரிந்தது? சுயேச்சையான நிபுணர் குழு ஒன்று விசாரித்து 2022 மே மாதம் இறுதி அறிக்கை கொடுத்தது. காரணம், 1920களில் அந்தப் பகுதியில் கொட்டிய மணல். அதைக் கெட்டிக்காமலே விட்டிருக்கிறார்கள். போதாததற்கு வெளிச்சரிவும் வரைபடத்தில் இருந்ததைவிடச் செங்குத்து.

படியில் அரிசியை லேசாக அள்ளிப் போட்டுவிட்டுத் தட்டினால் சட்டென்று இறங்குமே, தளர்வான மணலும் அப்படித்தான் இறங்கப் பார்க்கும். ஆனால் மணலுக்கு இடையில் தண்ணீர் நிரம்பியிருந்தால் அது வெளியேற நேரம் வேண்டும். நேரம் கிடைக்காதபோது மணல் தாங்கிய பாரம் தண்ணீர் மேல் விழுகிறது, மணலுக்கு மணல் பிடிப்பு போய்விடுகிறது, மண் திரவம் மாதிரி ஓடுகிறது. நிலநடுக்கத்தில் இப்படி நடப்பது பலருக்குத் தெரிந்ததுதான். இங்கே நிலநடுக்கம் எதுவும் இல்லை. ஏரி அதுவரை எட்டாத உயரத்துக்கு ஏறியது, அந்த அழுத்தமே போதுமானதாக இருந்தது. இத்தனை ஆண்டு ஆய்வுகளில் யாரும் இந்த ஆபத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

95 வருஷம் நின்ற கரை இனிமேலா விழப்போகிறது என்ற நினைப்பு நமக்கெல்லாம் உண்டு. அந்த 95 வருஷத்தில் ஏரி ஒருமுறைகூட அந்த உயரத்துக்கு வந்ததில்லை என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அந்த நம்பிக்கைக்கு மதிப்பில்லை. அந்தக் குழுவும், இது முன்கூட்டியே கண்டு தடுத்திருக்கக்கூடியது என்றும், பல பத்தாண்டுகளாகப் பலர் செய்ததும் செய்யாமல் விட்டதும் சேர்ந்து இங்கே கொண்டுவந்தது என்றும் சொல்கிறது.

ஈடன்வில்லில் இருந்து போன தண்ணீர், கீழே இருந்த சான்ஃபோர்ட் அணையின் மேல் ஏறி அதையும் உடைத்தது. அதற்கும் கீழே மிட்லாண்ட் நகரம், டவ் கெமிக்கல் நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊர். மறுநாள் அங்கே ஆறு 35 அடியைத் தொட்டது. 24 அடி வந்தாலே வெள்ளம் என்று அறிவிக்கும் இடம் அது. கொரோனா ஊரடங்குக்கு நடுவில் பத்தாயிரம் பேருக்கு மேல் வீட்டை விட்டுப் போகச் சொல்லி, முகாம்களில் இடைவெளி விட்டு உட்காரவைத்தார்கள். யாரும் சாகவில்லை. இந்தக் கதையில் உருப்படியாக வேலை செய்த ஒன்று அந்த வெளியேற்றம்தான்.

அதன் பிறகு பாய்ஸ் ஹைட்ரோ திவால் ஆனது. அந்த ஆற்றில் இருந்த நான்கு அணைகளையும் உள்ளூர் மாவட்ட நிர்வாகங்கள் 2020 டிசம்பரில் எடுத்துக்கொண்டன. சீரமைப்புக்கு மாநில அரசு 20 கோடி டாலர் கொடுத்தது, அது போதவில்லை. மீதியில் பெரும்பகுதியை ஏரிக்கரை வீட்டுக்காரர்கள் தலையில் தனி வரியாகப் போட்டார்கள், அதை எதிர்த்து அவர்களில் சிலர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அணைக்காரன் திவால், வரி வீட்டுக்காரனுக்கு! கோபம் வராதா?

நிபுணர் குழுவின் அறிக்கை பல நூறு பக்கம். முழுக்கப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் சுருக்கத்தையாவது படியுங்கள். அடுத்த வீடியோவில் பார்ப்போம்.